ஹோர் பூசாரியின் மூச்சுப் பத்திரம்

எகிப்தின் தீப்ஸ் நகரில், கி.மு. 200 வாக்கில், ஹோர் என்ற பூசாரி இறந்துபோனார். தாலமி வம்சத்துக் கிரேக்க அரசர்கள் எகிப்தை ஆண்ட காலம் அது. தந்தை பெயர் ஒசொரோயரிஸ், தாய் பெயர் தைக்கிபித். கர்னாக் பெருங்கோயிலில் அமோன்-ரா தெய்வத்துக்குப் பணி செய்தவர். உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றும்போது, நைல் கரை நாணலில் செய்த பாப்பிரஸ் தாளில் எழுதிய சுருள் ஒன்றையும் அவருடன் வைத்தார்கள். இடது கையின் கீழே, நெஞ்சுக்கு அருகில் வைக்க வேண்டும் என்று அந்தச் சுருளே சொல்கிறது.

ஆய்வாளர்கள் அதை ‘மூச்சுப் பத்திரம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். இறந்தவர் மறுபடி மூச்சுவிட வேண்டும், ஒசைரிஸ் தெய்வத்தின் மண்டபத்துக்குள் அவரை அனுமதிக்க வேண்டும், அவர் பெயர் அழியக் கூடாது என்பவையே அதன் வேண்டுதல்கள். தெய்வமான ஐசிஸ் தன் சகோதரன் ஒசைரிசை உயிர்ப்பிக்கச் செய்தது இது என்பது நம்பிக்கை. சுருளின் தொடக்கத்தில் ஒரு படம்: சிங்க வடிவக் கட்டிலில் இறந்தவர் படுத்திருக்கிறார், கட்டிலுக்கு அப்பால் அவரை எழுப்பும் தெய்வம் நிற்கிறது. முடிவில் இன்னொரு படம்: அரியணையில் ஒசைரிஸ், பின்னால் ஐசிஸ், எதிரே அழைத்துவரப்படும் ஹோர். இரண்டு படங்களுக்கும் நடுவே, வலமிருந்து இடமாக ஓடும் ஹைராட்டிக் எழுத்து. ஒரு குடும்பம் தன் பெரியவருக்காக மனமார வைத்துவிட்ட பொருள் இது. இந்தக் கதையில் பிறகு வரும் சச்சரவுகளில் எல்லாரும் முதலில் மறந்துபோவது ஹோரைத்தான்.

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இதே சுருள் அமெரிக்காவில் இன்னொரு மதத்தின் வேதநூலுக்கு மூலமாயிற்று. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, வழக்கில் மார்மன் சபை, இன்று உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. அதன் வேதங்களில் ஒன்றான ‘ஆபிரகாமின் புத்தகம்’ இந்தச் சுருளை முன்வைத்தே பிறந்தது. சுருளில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவந்தபோது பலருடைய விசுவாசம் ஆட்டம் கண்டது. அந்த ஆட்டத்துக்குச் சுருளைவிட, அதைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோன ஆண்டுகளே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அது எப்படி என்பதைச் சுருள் போன வழியிலேயே போய்ப் பார்க்கலாம்.

நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்தியப் பழம்பொருள்கள் மீது பெரும் ஆசை பிறந்தது. தீப்ஸ் கல்லறைகளைத் தோண்டியவர்களில் ஒருவர் இத்தாலியின் பியெமோந்தே பகுதிக்காரரான ஆன்டோனியோ லெபோலோ. பிரெஞ்சுத் தூதராக இருந்த பெர்னார்டினோ துரோவெத்திக்காக வேலை செய்தவர். 1817க்கும் 1821க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எடுத்த மம்மிகளில் பதினொன்று, 1830இல் அவர் இறந்த பிறகு, திரியெஸ்தே துறைமுக வணிகர் வழியாக நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. மைக்கேல் சாண்ட்லர் என்பவர் அவற்றை 1833இல் ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர் என்று ஊர் ஊராகக் கட்டணக் காட்சி வைத்தார். போகிற வழியில் மம்மிகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டே போனார். 1835 கோடையில் ஒஹாயோ மாநிலத்தின் கிர்ட்லாண்ட் ஊருக்கு அவர் வந்தபோது கையில் மிஞ்சியவை நான்கு மம்மிகளும் சில பாப்பிரஸ் சுருள்களும்தான். கிர்ட்லாண்டுக்கு அவர் வந்தது தற்செயலன்று. எகிப்திய எழுத்தை வாசிக்கக்கூடியவர் என்று பேர் பெற்ற ஒருவர் அங்கே இருந்தார்.

அவர் ஜோசப் ஸ்மித். 1805இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மோரோனி என்ற தேவதூதன் காட்டிய இடத்தில் தங்கத் தகடுகளைத் தோண்டி எடுத்ததாகவும், அவற்றில் ‘சீர்திருத்தப்பட்ட எகிப்திய’ எழுத்தில் இருந்ததை தேவ வரத்தால் மொழிபெயர்த்ததாகவும் சொல்லி 1830இல் ‘மார்மன் புத்தக’த்தை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி சபையைத் தொடங்கினார். தகடுகளைத் தேவதூதன் திரும்ப எடுத்துக்கொண்டான் என்பது சபையின் விளக்கம். ஆகவே அந்த மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் வழியில்லை. நம்பலாம், நம்பாமல் போகலாம். ஹோரின் சுருள் அப்படிப்பட்டதல்ல. கையில் எடுக்கலாம், படம் பிடிக்கலாம், மொழி தெரிந்தவர் படிக்கலாம். அதன் கனம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

சாண்ட்லர் கேட்ட விலை 2,400 டாலர். கிர்ட்லாண்ட் சபையினர் அப்போது தங்கள் முதல் ஆலயத்தைக் கட்டி முடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள், கடன் ஏறிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் சிலர் பங்கு போட்டுப் பணம் திரட்டினார்கள். ஜோசப் கோ என்பவர் மட்டும் 800 டாலர் கொடுத்தார். ஒரு சுருளில் ஆபிரகாம் எழுதியது இருக்கிறது, இன்னொன்றில் எகிப்துக்கு விற்கப்பட்ட யோசேப்பு எழுதியது இருக்கிறது என்று ஸ்மித் அறிவித்தார். ஆதியாகமத்தை மனப்பாடமாக அறிந்த மக்கள். தங்கள் சிற்றூரின் மாடியறையில் ஆபிரகாமின் எழுத்து வந்து கிடக்கிறது என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அமெரிக்காவில் அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிரான்சில் ஷாம்பொல்லியோன் 1822இலேயே புதிரை அவிழ்த்திருந்தார். ஆனால் அவருடைய இலக்கண நூல் அச்சில் வரத் தொடங்கியது 1836இல்தான். கிர்ட்லாண்டில் ஸ்மித்தும் அவருடைய எழுத்தர்களும் (வில்லியம் ஃபெல்ப்ஸ், ஆலிவர் கௌடரி, வாரன் பாரிஷ்) தாங்களே ஓர் எகிப்திய அகரவரிசையும் இலக்கணமும் தயாரிக்க முயன்றார்கள். ஆபிரகாமின் புத்தகத்தின் 1835ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் இடது ஓரத்தில் எகிப்திய எழுத்துகள் வரிசையாக இருக்கும்; எதிரே ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக ஆபிரகாமின் கதை. ஓரத்தில் இருக்கும் அந்த எழுத்துகள் ஹோரின் மூச்சுப் பத்திரத்தில், சிங்கக் கட்டில் படத்துக்கு அடுத்தபடி வரும் வரிகளிலிருந்து எடுத்தவை. பிற்காலத்தில் பெரிய வாதங்கள் எல்லாம் இந்த ஓரத்தைச் சுற்றியே நடந்தன.

புத்தகம் சொல்லும் கதை ஆதியாகமத்தில் இல்லாதது. ‘ஊர்’ என்ற தேசத்தில் ஆபிரகாமை விக்கிரகப் பூசாரி ஒருவன் பலிபீடத்தில் கிடத்துகிறான், கடவுள் காப்பாற்றுகிறார். பிறகு ஆபிரகாமுக்கு வானத்து நட்சத்திரங்களின் வரிசை காட்டப்படுகிறது. கடவுளின் இருப்பிடத்துக்கு மிக அருகில் உள்ளது கோலோப் என்ற நட்சத்திரம். உலகம் படைக்கப்படும் முன்பே எல்லா மனித ஆன்மாக்களும் கடவுளோடு இருந்தன, அவற்றில் உயர்ந்தவை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டன, படைப்பைத் தெய்வங்கள் கூடி ஆலோசித்துச் செய்தார்கள் என்று அது விரிகிறது. பிறக்கும் முன்பே நாம் இருந்தோம், கடவுளை அறிந்திருந்தோம் என்ற எண்ணம் மார்மன் குடும்பங்களின் அன்றாட வாழ்வில் ஊறிப்போனது. பிள்ளை பிறக்கும்போதும், மரணம் நேரும்போதும் அவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. இந்தப் புத்தகம் அவர்களுக்கு ஒரு மூலையில் கிடக்கும் துணைநூல் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அதே புத்தகம் இன்னொரு காரியத்துக்கும் பயன்பட்டது. எகிப்தின் அரசவம்சம் குருத்துவத்துக்கு உரியதல்லாத வம்சம் என்று அதன் முதல் அதிகாரத்தில் வரும் வரிகளை, கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டதற்கு ஆதாரமாகச் சபைத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டினார்கள். ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைவரான ப்ரிகம் யங் 1852இல் வெளிப்படையாக அறிவித்த அந்தத் தடை 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பால் தலைவராக இருந்த காலத்தில்தான் நீங்கியது. கறுப்பினத் தம்பதியர் ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ள முடியாமலே வாழ்ந்து முடிந்தார்கள். 2013இல் சபையே அந்தப் பழைய விளக்கங்களைக் கைவிடுவதாக எழுதிவைத்தது. ஓர் எகிப்தியப் பூசாரிக்காக மன்றாடிய தாளைச் சாக்காகக் கொண்டு பிறந்த வரிகள், வேறொரு கண்டத்தில் வேறு மனிதர்களின் முகத்தில் கதவைச் சாத்தப் பயன்பட்டன. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கிர்ட்லாண்டில் வங்கி முறிவும் உட்பூசலும் வந்தன. சபை மிசூரிக்குப் போய், அங்கிருந்து துரத்தப்பட்டு, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற நகரத்தைக் கட்டியது. மம்மிகளும் சுருள்களும் கூடவே அலைந்தன. இதற்குள் பாப்பிரசைத் துண்டுகளாக வெட்டித் தாளில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். ஒட்டிய தாள்களின் முதுகில் ஆலய வரைபடமும் கிர்ட்லாண்ட் சுற்றுவட்டார நிலப்படமும் இருந்தன. புது ஊரையும் ஆலயத்தையும் கட்டக் கனவு கண்டவர்கள் கைக்குக் கிடைத்த தாளை எடுத்து ஒட்டிய அடையாளம் அது; அந்த மனிதர்களை இதைவிட நெருக்கமாகக் காட்டும் தடயம் வேறில்லை.

1842 மார்ச்சில் ‘டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்’ என்ற சபை இதழில் ஆபிரகாமின் புத்தகம் வெளிவரத் தொடங்கியது. ரூபன் ஹெட்லாக் செதுக்கிய மூன்று படங்களும் ஸ்மித்தின் விளக்கங்களும் உடன் வந்தன. முதல் படம் சிங்கக் கட்டில்: படுத்திருப்பவர் ஆபிரகாம், பக்கத்தில் கத்தியோடு நிற்பது விக்கிரகப் பூசாரி என்றது விளக்கம். மூலத்தில் நிற்பவரின் தலைப்பகுதி பிய்ந்து போயிருந்தது. ஒட்டிய தாளில் யாரோ பென்சிலால் மனிதத் தலை வரைந்திருக்கிறார்கள். அச்சில் அது வழுக்கைத் தலை மனிதனாக நின்றது. இதே போன்ற எகிப்தியப் படங்களில் அந்த இடத்தில் இருப்பது நரித்தலை கொண்ட அனுபிஸ் தெய்வம். மூன்றாம் படத்தில் அரியணையில் இருப்பவர் ஆபிரகாம் என்றும், பின்னால் நிற்பவர் பார்வோன் என்றும் எழுதினார் ஸ்மித். அந்த உருவம் ஐசிஸ், பெண். மேலே பெயரும் எழுதியிருக்கிறது. அதே படத்து எழுத்துகளில் ஹோரின் பெயரும் இருக்கிறது. நாவூவில் அச்சடித்தவர்கள் அறியாமலே அவர் பெயரையும் அச்சடித்தார்கள்.

நாவூவில் மம்மிகளைக் காட்டும் பொறுப்பு ஸ்மித்தின் தாய் லூசியிடம் இருந்தது. பார்க்க வருபவர்களிடம் 25 சென்ட் வாங்குவார். விதவைத் தாய்க்கு அது வாழ்வாதாரம். 1844 மே மாதம் பாஸ்டனிலிருந்து ஜோசையா குவின்சியும் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸும் வந்தபோது ஸ்மித்தே சுருள்களைக் காட்டி இது ஆபிரகாமின் கையெழுத்து என்று சொன்னதாகக் குவின்சி எழுதிவைத்தார். அடுத்த மாதம் 27ஆம் தேதி கார்தேஜ் சிறையில் ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் கும்பல் சுட்டுக் கொன்றது. பெரும்பான்மையினர் ப்ரிகம் யங் தலைமையில் மேற்கே யூட்டாவுக்கு வண்டி கட்டினார்கள். லூசியும், ஸ்மித்தின் மனைவி எம்மாவும் போகவில்லை. சுருள்களும் போகவில்லை. சபை யூட்டாவில் வளர்ந்தது, ஆபிரகாமின் புத்தகம் ‘விலையேறப்பெற்ற முத்து’ என்ற தொகுப்பில் சேர்ந்து 1880இல் அதிகாரபூர்வ வேதமானது. மூலச்சுருளோ கண்காணாத தூரத்தில் கிடந்தது.

1856 மே 14இல் லூசி இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 26ஆம் தேதி எம்மாவும் குடும்பத்தாரும் எல்லாவற்றையும் ஏபெல் கோம்ஸ் என்பவருக்கு விற்றார்கள். கோம்ஸ் ஒரு பகுதியை செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது பிறகு சிகாகோவுக்கு மாறியது. 1871 அக்டோபரில் சிகாகோ பற்றி எரிந்தபோது அருங்காட்சியகமும் எரிந்தது. சுருள்கள் எல்லாம் சாம்பலாயின என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

ஒரு வகையில் அந்தத் தீ சபைக்கு நிம்மதியாக அமைந்தது. 1850களிலேயே பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் தியோதூல் தெவேரியா அச்சுப் படங்களைப் பார்த்து, இவை வழக்கமான ஈமச்சடங்குப் படங்கள் என்று சொல்லியிருந்தார். 1912இல் யூட்டாவின் எபிஸ்கோப்பல் பேராயர் ஃபிராங்க்ளின் ஸ்பால்டிங் உலகின் பெரிய எகிப்தியல் அறிஞர்களிடம் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிளிண்டர்ஸ் பெட்ரி, பிரெஸ்டெட், சேஸ் உள்ளிட்டவர்கள் ஸ்மித்தின் விளக்கம் தவறு என்று ஒரே குரலில் எழுதினார்கள். நம்பியவர்களுக்கு அப்போது ஒரு பதில் இருந்தது: செதுக்கி அச்சிட்ட பிரதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள், மூலச்சுருள் கிடைத்தால் தெரியும். மூலம் இனிக் கிடைக்காது என்பதால் அந்தப் பதில் அரை நூற்றாண்டு தாங்கியது.

மூலத்தில் ஒரு பகுதி தீயில் சிக்கவேயில்லை. கோம்ஸ் சில துண்டுகளைத் தன்னிடமே வைத்திருந்தார். அவை அவரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட பெண்ணின் குடும்பத்துக்குப் போயின. அந்தப் பெண்ணின் மகள் 1918இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்டினார்; அருங்காட்சியகம் அப்போது வாங்கவில்லை. 1947இல் அவருடைய கணவரிடமிருந்து வாங்கியது. வாங்கியதைக் கிடங்கில் வைத்தது.

1966இல் அந்தக் கிடங்கில் அசீஸ் அத்தியா அந்தத் துண்டுகளைக் கண்டார். எகிப்தில் பிறந்த காப்டிக் கிறிஸ்தவர், யூட்டா பல்கலைக்கழகத்தில் மத்தியக் கிழக்கு ஆய்வு மையத்தை உருவாக்கியவர். மார்மன் அல்லர், ஆனால் மார்மன்கள் நடுவே வாழ்ந்தவர். வேறெதையோ தேடும்போது சிங்கக் கட்டில் படத்தைப் பார்த்ததும் அது எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எம்மா கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரமும் கூடவே இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. 1967 நவம்பர் 27ஆம் தேதி அருங்காட்சியகம் துண்டுகளைச் சபையிடம் ஒப்படைத்தது. 1968 பிப்ரவரியில் சபையின் ‘இம்ப்ரூவ்மென்ட் எரா’ இதழ் படங்களை அச்சிட்டது. சபை காட்டிய வெளிப்படைத்தன்மையை இங்கே மதித்தே சொல்ல வேண்டும். பூட்டி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. யூட்டாவின் வீடுகளில் அன்றிருந்த மகிழ்ச்சிக்குக் காரணம் எளிது. இத்தனை நாள் கேலி பேசியவர்களுக்குப் பதில் வந்துவிட்டது என்று நம்பினார்கள்.

பதில் சில மாதங்களில் வந்தது. ‘டயலாக்’ என்ற இதழை மார்மன் அறிவாளர்களே 1966இல் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் துண்டுகளின் படங்களை ஜான் வில்சன், ரிச்சர்ட் பார்க்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளாஸ் பேயர் ஆகிய எகிப்தியல் அறிஞர்களிடம் கொடுத்தார்கள். 1968இல் முடிவுகள் வெளியாயின. சில துண்டுகள் த்ஷெம்மின் என்ற பெண்ணுக்காக எழுதிய ‘இறந்தோர் நூல்’. சிங்கக் கட்டில் படமும் அதையொட்டிய துண்டுகளும் ஹோரின் மூச்சுப் பத்திரம். ஆபிரகாமின் பெயர் எங்கும் இல்லை. ஹோரின் பெயரை அவர் சுருளிலிருந்தே வாசித்தார்கள்.

ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஹியூ நிப்லி சபையின் தரப்பில் வாதாடியவர். பன்மொழி அறிஞர், ஆழ்ந்த விசுவாசி. அவருக்கு எகிப்திய மொழி கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் இதே கிளாஸ் பேயர். சிகாகோவுக்குப் போய் அவரிடம் பாடம் கேட்டிருந்தார். துண்டுகளில் இருப்பது என்ன என்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சண்டை இல்லை. நிப்லி வேறு திசையில் தேடினார். ஆபிரகாமை விக்கிரக வழிபாட்டாளர்கள் கொல்ல முயன்றதாகப் பழைய யூத மரபுகளில் கதைகள் உண்டு. இப்ராகிம் நபியை நம்ரூத் மன்னன் நெருப்பில் எறிந்த வரலாறு தமிழ் முஸ்லிம் வீடுகளில் சொல்லப்படுவதுதான். எகிப்தில் கிடைத்த பிற்கால மந்திரச் சுவடி ஒன்றில் சிங்கக் கட்டில் படத்தின் பக்கத்திலேயே ஆபிரகாமின் பெயர் வருகிறது. ஸ்மித் அறிந்திருக்க வாய்ப்பில்லாத இவை அவர் புத்தகத்தில் எப்படி எதிரொலிக்கின்றன என்பது நிப்லியின் கேள்வி. எனக்கு இந்த ஒற்றுமைகள் போதுமானவையாகத் தெரியவில்லை. பைபிளையும் யூத வரலாற்று நூல்களையும் ஆர்வத்தோடு படித்த அமெரிக்காவில் இப்படிப்பட்ட கதைகள் காதில் விழ வழி இருந்தது. ஆனாலும் நிப்லியின் தேடலில் உண்மையான படிப்பு இருந்தது.

அதே செய்தி இன்னொரு விசுவாசியை வேறு விதமாகத் தாக்கியது. தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர். மார்மன் புத்தகத்தில் வரும் நகரங்கள் மத்திய அமெரிக்காவில் தோண்டினால் கிடைக்கும் என்று உறுதியாக நம்பி 1952இல் தொல்லியல் அமைப்பு ஒன்றையே உருவாக்கியவர். பாப்பிரஸ் படங்கள் வெளியானதும் அவர் பெர்க்லி பல்கலைக்கழக எகிப்தியல் அறிஞர்களிடம் அவற்றைக் கொடுத்தார். சபைப் பின்னணி எதையும் சொல்லவில்லை. வந்த பதில் சிகாகோவிலிருந்து வந்ததேதான். பிறகு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், ஸ்மித்துக்கு எகிப்திய எழுத்தை வாசிக்கும் வல்லமை இருந்ததாகத் தன்னால் இனி நம்ப முடியவில்லை என்று தெரிவித்தார். சபையை விட்டு அவர் போகவில்லை. 1983இல் இறக்கும்வரை உறுப்பினராகவே இருந்தார். அவருடைய உள்ளத்தில் கடைசியில் என்ன இருந்தது என்று அவரை அறிந்தவர்களே இன்றும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். நம்பிக்கை போன பிறகும் சொந்த மக்களை விட்டுப் பிரிய மனம் வராமல் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா மதங்களிலும் இருக்கிறார்கள்; ஃபெர்குசனின் கடிதங்கள் அந்த நிலையைப் பேசுவதாலேயே என்னை விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

இதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளைத்தான் நான் இந்தக் கதையின் மோசமான பகுதி என்பேன். அறிஞர்களுக்கு எல்லாம் தெரியும். ஆய்விதழ்களில் கட்டுரைகள் குவிந்தன. ஞாயிறு வகுப்பில், இளைஞர் வகுப்பில், ஊழியத்துக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பையனின் கைநூலில் இது எதுவும் இல்லை. பாப்பிரஸ் கிடைத்ததையே கேள்விப்படாமல் தலைமுறைகள் வளர்ந்தன. சபை உறுப்பினர் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்கிறார்; இளமையில் இரண்டு ஆண்டைச் சொந்தச் செலவில் ஊழியத்துக்குக் கொடுக்கிறார்; திருமணம், நட்பு, வேலை எல்லாம் சபையோடு பின்னிக் கிடக்கிறது. அப்படிப்பட்டவர் நாற்பதாவது வயதில், நள்ளிரவில், கணினித் திரையில் முதன்முதலாக ஹோரின் பெயரைப் படிக்கிறார். தேடி வந்து சொல்பவர் பெரும்பாலும் சபையின் எதிரி. அவர் சொல்வது பொய் என்று காட்டத் தேடத் தொடங்குகிறார். மெய் என்று தெரிகிறது. அடுத்த கேள்வி பாப்பிரசைப் பற்றியது அல்ல. இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் கேள்வி.

ஸ்வீடனில் அந்தக் கேள்வி வெளிப்படையாக எழுந்தது. ஐரோப்பாவில் சபையின் பகுதிப் பொறுப்பாளராக இருந்த ஹான்ஸ் மாட்சன், தன்னிடம் உறுப்பினர்கள் கொண்டுவந்த வரலாற்றுக் கேள்விகளுக்குப் பதில் தேடப்போய்த் தானே தடுமாறிப்போனார். 2010 நவம்பரில் சபையின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் மார்லின் ஜென்சனும் ரிச்சர்ட் டர்லியும் ஸ்டாக்ஹோமுக்கு வந்து அங்கிருந்தவர்களைச் சந்தித்தார்கள். ஸ்மித்தின் பலதார மணம், மொழிபெயர்ப்புகள், கறுப்பினத் தடை என்று கேள்விகள் நீண்டன. 2013இல் மாட்சன் தன் ஐயங்களை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் பகிரங்கமாகப் பேசினார். உயர் பொறுப்பில் இருந்தவரே பேசியது பலருக்கு ஆறுதலாக இருந்தது. தாங்கள் மட்டும் தனியாக இல்லை என்று தெரிந்தது.

2013 முதல் சபை தன் இணையதளத்தில் கடினமான வரலாற்றுத் தலைப்புகளில் கட்டுரைகளை வெளியிட்டது. 2014 ஜூலையில் ஆபிரகாமின் புத்தகம் பற்றியது வந்தது. கிடைத்துள்ள துண்டுகளில் இருக்கும் எழுத்துகள் ஆபிரகாமின் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதில் மார்மன் அறிஞர்களும் மற்ற அறிஞர்களும் ஒத்துப்போகிறார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டு வழிகளைக் காட்டியது. ஸ்மித் மொழிபெயர்த்தது தீயில் போன வேறு பகுதியாக இருக்கலாம் என்பது ஒன்று. பாப்பிரஸ் ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்து, ஆபிரகாமின் வரலாறு தேவ வெளிப்பாடாக நேரே அவருக்குக் கிடைத்திருக்கலாம் என்பது மற்றொன்று.

முதல் வழியை அளந்து பார்க்க முடியும். சுருட்டி வைத்த தாளில் ஓரிடம் சேதமானால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதே சேதம் திரும்பத் திரும்பத் தெரியும். உள்ளே போகப் போகச் சுற்று சிறுக்கும், சேதங்களுக்கு இடையிலான தூரமும் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால் காணாமல் போன பகுதியின் நீளத்தைக் கணக்கிடலாம். ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜான் கீ இந்த முறையில் 12 மீட்டருக்கும் மேல் காணாமல் போயிருக்கிறது என்றார். 2010இல் ஆண்ட்ரூ குக், கிறிஸ்டோபர் ஸ்மித் இருவரும் துண்டுகளை மறுபடி அளந்து, போனது அதிகபட்சம் 56 சென்டிமீட்டர்தான் என்று காட்டினார்கள். மூச்சுப் பத்திரத்தின் மிச்சப் பகுதிக்கே அந்த இடம் சரியாகப் போகும். பின்னவர்களின் அளவையே நான் நம்புகிறேன். 1835ஆம் ஆண்டுப் படிகளின் இடது ஓரத்தில் இருப்பவை கைக்குக் கிடைத்த துண்டின் எழுத்துகளே என்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது வழியை எந்த அளவுகோலாலும் தொட முடியாது. அது முழுக்க விசுவாசத்தின் நிலம். இன்று சிந்திக்கிற உறுப்பினர்கள் பலர் வந்து சேர்ந்திருப்பது அங்கேதான். அதில் கோழைத்தனம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பாப்பிரசைக் கையில் ஏந்தி இதில் ஆபிரகாமின் எழுத்து இருக்கிறது என்று தாய்க்கும் விருந்தினருக்கும் சபைக்கும் சொன்ன ஸ்மித்தின் சொல்லை அது அப்படியே காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே அவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. சபை 2013இல் வேதநூலின் முன்னுரையில் ஓரிரு வரிகளை மாற்றியது. எகிப்தியப் பாப்பிரசிலிருந்து செய்த மொழிபெயர்ப்பு என்று முன்பு இருந்தது. ஆபிரகாமின் எழுத்துகளின் தேவ ஏவுதல் பெற்ற மொழிபெயர்ப்பு என்றும், பாப்பிரஸ் கிடைத்தபின் ஸ்மித் அதைத் தொடங்கினார் என்றும் ஆயிற்று. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. பழைய பதிப்பில் படித்து வளர்ந்தவர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்.

2018இல் சபையின் வரலாற்றுத் துறையே ‘ஜோசப் ஸ்மித் பேப்பர்ஸ்’ வரிசையில் துண்டுகளின் வண்ணப் படங்களையும் 1835ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளையும் முழுமையாக வெளியிட்டது. தொகுத்தவர்கள் ராபின் ஜென்சனும் பிரையன் ஹாக்லிடும். ஹாக்லிட் அதே ஆண்டு, தான் முன்பு முன்வைத்த தற்காப்பு வாதங்களைக் கைவிட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஒரே கூரையின் கீழ் ஜான் கீயும் அவரும் எதிரெதிர் முடிவுகளோடு இருந்தார்கள்.

ஹோரின் சுருள் இன்று சால்ட் லேக் சிட்டியில் சபையின் காவலில் இருக்கிறது; த்ஷெம்மினுடையவை உட்படக் கிடைத்த எல்லாத் துண்டுகளுக்கும் 1 முதல் 11 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். விசுவாசியான மைக்கேல் ரோட்ஸ் 2002இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். சபையைக் கடுமையாக விமர்சித்த சிகாகோவின் ராபர்ட் ரிட்னரும் தனியே மொழிபெயர்த்தார். ஜான் கீக்கு முன்பு பாடம் நடத்தியவர் இந்த ரிட்னர். ரோட்ஸின் மொழிபெயர்ப்பையும் ரிட்னரின் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தால் சாரம் ஒன்றே: ஒரு பூசாரி, அவர் தாய் தந்தை, அவருடைய மூச்சுக்கான வேண்டுதல். சுருள் என்ன சொல்கிறது என்பதில் இனிச் சச்சரவு இல்லை. எஞ்சியிருப்பது ஸ்மித் யார் என்ற கேள்வி.

சபையின் ஞாயிறு வகுப்புகள் வேதநூல்களை நான்கு ஆண்டுச் சுற்றில் படிக்கின்றன. பழைய ஏற்பாட்டு ஆண்டு வரும்போது ஆபிரகாமின் புத்தகமும் வரும், 2022இல் வந்தது. அந்த வாரம் வகுப்பில் கைபேசியில் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையையும் துண்டின் வண்ணப் படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இப்போது உண்டு. கேட்க இடம் கொடுக்கிற ஆசிரியர் அமைந்தால் கேட்டுவிடுகிறார்கள். அமையாதபோது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, இவருக்கும் தெரிந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே பாடத்தின் அடுத்த வசனத்துக்குப் போகிறார்கள்.